வெளுத்துப் போன கறுப்பு ட்ரிம்மை மறுபடி கறுப்பாக்குறது எப்படி: பழைய கார் வச்சிருக்கவங்களுக்கு

ஒரு வண்டிக்கு வயசாயிடுச்சுன்னு முதல்ல காட்டிக் குடுக்கறது பெயின்ட் இல்ல, இந்த கறுப்பு ட்ரிம்தான், அதாவது வெளிப்பக்கம் ஓரமா வர்ற கறுப்பு பாகங்கள். பெயின்ட்டை கழுவி பாலிஷ் போட்டு பளபளன்னு ஆக்கிடலாம், ஆனா பம்பர், வீல் ஆர்ச் ஓரம், கதவுல ஓடற மோல்டிங், வைப்பருக்கு அடியில இருக்கற பிளாஸ்டிக் கவுல், சைடு மிரரோட அடிப்பாகம், ரூஃப் ரெயிலோட முனை இதெல்லாம் சாம்பல் பூத்துப் போய் கிடந்தா மொத்த வண்டியும் கவனிப்பாரில்லாம நிக்கற மாதிரிதான் தெரியும். 1990கள்லயும் 2000க்கு பக்கத்துலயும் வந்த நிறைய வண்டிகள்ல, பழைய ஜீப் செரோக்கி, முதல் தலைமுறை ஹோண்டா சிஆர்-வி மாதிரி, பெயின்ட் அடிக்காத பிளாஸ்டிக்கை ரொம்ப தாராளமா போட்டிருப்பாங்க, அந்த வண்டி வச்சிருக்கவங்களுக்கு இந்த வருத்தம் நல்லாவே தெரியும். இதை பெரிய மெஷின் எதுவும் இல்லாம நம்ம கையாலயே சரி பண்ணலாம், ஒழுங்கா பண்ணா வருஷக்கணக்குல நிக்கும். ஆனா எந்த பாட்டில் வாங்கறோம்ங்கறதை விட அதுக்கு முன்னாடி எவ்ளோ சுத்தமா தேய்க்கறோம்ங்கறதுதான் ரிசல்ட்டை முடிவு பண்ணும், இதை கீழ திரும்பத் திரும்ப சொல்லுவேன், பொறுத்துக்கோங்க.

ஏன் வெளுக்குது

இது முதல்ல புரிஞ்சுடணும், ஏன்னா விக்கற சாமான்ல பாதி இந்த காரணத்தை தொடவே தொடாது. இந்த சொரசொரப்பான கறுப்பு பாகங்கள் பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன், இல்லன்னா அதோட ஈபிடிஎம் ரப்பர் கலந்த பிளாஸ்டிக், சிலது ஏபிஎஸ்ங்கற இன்னொரு வகை பிளாஸ்டிக். கறுப்பு நிறம் மேல பூசினது இல்ல, வார்க்கும்போதே உள்ள கலந்த கார்பன் பிளாக்ங்கற கரிப்பொடி. கார்பன் பிளாக் வெயிலை நல்லா தாங்கும், அது லேசுல வெளுக்காது. கெட்டுப் போறது அதைப் பிடிச்சு வச்சிருக்கற பிளாஸ்டிக்தான். வெயில்ல வர்ற புற ஊதாக் கதிரும் காத்துல இருக்கற ஆக்சிஜனும் சேர்ந்து மேல்தோல்ல இருக்கற பாலிமர் சங்கிலியை கொஞ்சம் கொஞ்சமா அறுத்துக்கிட்டே இருக்கும், இதைத் தடுக்க கம்பெனியில ஸ்டெபிலைசர் கலந்துதான் அனுப்புவாங்க, ஆனா அது வருஷம் போகப் போக செலவாயிடும். அதுக்கப்புறம் மேல்தோல் நொறுங்கி, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு பொடிப்பொடியா வெடிப்பு விழுந்து, பிளாஸ்டிக்கோட கலந்திருந்த டால்க் கல்லுப் பொடி மாதிரியான ஃபில்லர் வெளியில தலைகாட்டும். அந்த முரட்டுப் பரப்புல பட்ட வெளிச்சம் நாலா பக்கமும் சிதறுறதாலதான் நம்ம கண்ணுக்கு சாம்பலா வெள்ளையா தெரியுது.

வெயில்ல காஞ்சு வெளிறிக் கிடக்கற கருங்கல்லுல தண்ணி ஊத்தினா சட்டுன்னு கறுத்துடும்ல, அதே கதைதான் இங்கயும். ஈரமோ எண்ணெயோ அந்த வெடிப்பை நிரப்பினா வெளிச்சம் சிதறாது, கறுப்பா தெரியும், காஞ்சா பழையபடி ஆயிடும். எண்ணெய் தடவினதும் புதுசு மாதிரி ஆயிடுச்சேன்னு சந்தோஷப்பட்டு ரெண்டு மழை முடிஞ்சதும் மறுபடி வெளுத்துப் போறதுக்கு காரணம் இதுதான். நமக்கு வேண்டியது அந்த வெடிப்பை நிரப்பி அங்கேயே இறுகி நிக்கற ஒரு பொருள், அதுவும் அழுக்கு மேல இல்ல, சுத்தமான பிளாஸ்டிக் மேல.

தண்ணி டெஸ்ட்

எதையும் வாங்கறதுக்கு முன்னாடி வண்டியை நல்லா கழுவிட்டு ட்ரிம் மேல தண்ணியைத் தெளிச்சு ஈரமா இருக்கும்போது உத்துப் பாருங்க. முழுசா ஒரே மாதிரி கறுப்பா தெரிஞ்சா உங்க ட்ரிம் நல்ல நிலைமையிலதான் இருக்கு, கோட்டிங் போட்டா போதும். ஈரத்துலயும் திட்டுத்திட்டா வெள்ளை தெரிஞ்சா ரெண்டு விஷயம்ல ஒண்ணு: ஒண்ணு மேல ஏதோ படிஞ்சிருக்கு, காஞ்ச வாக்ஸ், பாலிஷ், உப்புத்தண்ணிக் கறை மாதிரி, அது சுத்தம் பண்ணா போயிடும். இன்னொண்ணு பிளாஸ்டிக்கே ஆழமா கெட்டுப் போயிருக்கு, விரல் வச்சு தேய்ச்சா சாம்பல் கலர்ல மாவு மாதிரி ஒட்டும், இல்லன்னா கீறி பள்ளம் விழுந்திருக்கும், அதுக்கு பெயின்ட்டோ புது பாகமோதான் வழி. தண்ணி எப்படி நிக்குதுன்னும் பாத்துடுங்க. முத்து முத்தா உருண்டு நின்னா முன்னாடி யாரோ போட்ட சிலிக்கான் ஐட்டம் இன்னும் மேல இருக்குன்னு அர்த்தம், அது முழுசா போற வரைக்கும் புதுசா எதைப் போட்டாலும் ஒட்டாது.

கறுப்பா இருக்கறதெல்லாம் ஒண்ணு இல்லங்கறதையும் இப்பவே பாத்துக்கணும். சொரசொரப்பா இருக்கறது வெறும் பிளாஸ்டிக். கதவுக்கு நடுவுல இருக்கற தூண் மாதிரி வழவழன்னு மின்னுறது பெயின்ட், ஃபிலிம் இல்லன்னா பளபளப்பு பிளாஸ்டிக், அதை பெயின்ட்டை பாக்கற மாதிரிதான் பாக்கணும், இங்க சொல்ற பிரஷ் வேலை எதுவும் அங்க ஆகாது. ஜன்னல் ஓரத்துல வளைஞ்சு குடுக்கறது ரப்பர். தட்டினா கிணுகிணுன்னு சத்தம் வந்தா உலோகம். கழட்ட முடிஞ்ச பாகமா இருந்தா பின்பக்கம் திருப்பிப் பாருங்க, அம்புக்குறி மாதிரி ரெண்டு குறிக்கு நடுவுல பிபி, ஈபிடிஎம், டி20 இப்படி அச்சு இருக்கும். பிபின்னா பாலிப்ரொப்பிலீன், டி20ன்னா 20 சதவீதம் டால்க். பெயின்ட் அடிக்கற முடிவுக்கு வந்தா இந்த குறி ரொம்ப உதவும், ஏன்னா பாலிப்ரொப்பிலீன் மேல சாதா பெயின்ட் ஒட்டவே ஒட்டாது.

சுத்தம் பண்றது

நிழல்ல பண்ணுங்க, ட்ரிம் கையில தொட்டா சூடு இல்லாம இருக்கணும். முதல்ல ஷாம்பூ போட்டு சாதாரணமா கழுவி மண்ணு தூசியை எடுத்துடுங்க, அப்புறம்தான் நிஜ வேலை. ஆல் பர்ப்பஸ் கிளீனர்னு விப்பாங்கல்ல, அதை ஒரு பங்குக்கு பத்து பங்கு தண்ணி கலந்து ஆரம்பிங்க, அழுக்கு அசையலன்னா ஒண்ணுக்கு நாலு வரைக்கும் கெட்டியா கலக்கலாம், அதுக்கு மேல வேண்டாம். பழைய டூத் பிரஷ் இல்லன்னா நடுத்தர முடி இருக்கற டீட்டெய்லிங் பிரஷ் எடுத்து நுரை வர்ற மாதிரி தேய்க்கணும், ஒரே திசையில இல்ல, மேல கீழ, குறுக்க, வட்டமா, ஏன்னா அந்த சொரசொரப்புல இருக்கற குழிக்குள்ள முடி எல்லா பக்கத்துல இருந்தும் போனாத்தான் உள்ள இருக்கறது வெளிய வரும். நுரை பழுப்பா வரும், அதுதான் இத்தனை வருஷம் பூசின ஐட்டமும் செத்த பிளாஸ்டிக்கும். கிளீனரை காய விடாதீங்க, ஒரு அடி ரெண்டு அடின்னு சின்ன சின்ன இடமா எடுத்து தேய்ச்சு உடனே கழுவி விட்டுட்டு அடுத்த இடத்துக்கு போங்க. வெள்ளை மைக்ரோஃபைபர் துணியால துடைச்சுப் பாத்தா அழுக்கு இன்னும் வருதான்னு தெரியும். துணி கிட்டத்தட்ட சுத்தமா வர்ற வரைக்கும், தண்ணி உருண்டு நிக்காம தட்டையா பரவற வரைக்கும் திரும்ப பண்ணணும். நிறைய பேர் ஒரு தடவை தேய்ச்சுட்டு போதும்னு விட்டுடறாங்க, பிறகு மூணு மாசத்துல கோட்டிங் போயிடுச்சுன்னு பொருளைத் திட்டறாங்க. ரெண்டு மூணு சுத்து ஆகறது சாதாரணம், அந்த பொறுமைக்குத்தான் பலன்.

வாக்ஸ் கறை தனி தலைவலி. பெயின்ட்டுக்கு வாக்ஸ் போடும்போது ஓரமா பட்டது சொரசொரப்புக்குள்ள போய் வெள்ளையா காஞ்சு நிக்கும், ஷாம்பூவுக்கெல்லாம் அசையாது. வெந்நீர்ல நனைச்ச துணியைக் கொஞ்ச நேரம் மேல வச்சு வாக்ஸை இளக விட்டு அப்புறம் கிளீனர் போட்டு பிரஷ் பண்ணா பெரும்பாலும் வந்துடும், ஸ்டீம் கிளீனர் இருந்தா இன்னும் சுலபம். அதுக்கும் வரலன்னா பென்சில் ரப்பரை எடுத்து அந்த இடத்தை மட்டும் தேய்ங்க, இது நல்லாவே வேலை செய்யும். மேஜிக் எரேசர்னு வர்ற வெள்ளை மெலமின் ஸ்பாஞ்ச்சும் எடுக்கும், ஆனா அது உண்மையில ரொம்ப நைஸான உப்புத்தாள், அழுத்தி தேய்ச்சா சொரசொரப்பு மழுங்கிடும், பக்கத்துல பெயின்ட்ல பட்டா மங்கிடும், அதனால கடைசி ஆயுதமா வச்சுக்கோங்க. உப்புத்தண்ணிக் கறையா இருந்தா வெள்ளை வினிகரும் தண்ணியும் சரிபாதி கலந்து தடவி ரெண்டு நிமிஷம் விட்டு தேய்ச்சு நல்லா அலசிடுங்க. தின்னர், பெட்ரோல், அசிட்டோன் பக்கமே போகாதீங்க, ஏபிஎஸ்ஸை அசிட்டோன் கரைச்சே விட்டுடும். கம்பி பிரஷ்ஷும் வேண்டாம்.

கழுவினதும் நல்லா காயணும். சொரசொரப்புலயும் பேனல் இடுக்குலயும் தண்ணி ஒளிஞ்சிருக்கும், கோட்டிங் போட்டுக்கிட்டு இருக்கும்போது சரியா அங்கிருந்து ஒரு சொட்டு வழியும், எரிச்சலா இருக்கும். ப்ளோயர் இருந்தா ஊதிடுங்க, இல்லன்னா ஒண்ணு ரெண்டு மணி நேரம் நிக்க விடுங்க. கடைசியா ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலை தண்ணியோட சரிபாதி கலந்து துணியில நனைச்சு எல்லா இடமும் ஒரு தடவை துடைச்சு காய விடணும், மிச்சம் இருக்கற எண்ணெய்ப் பசை இதுல போயிடும். இதுக்கப்புறம் வெறும் கையால தொடாதீங்க, கிளவுஸ் போட்டுக்கோங்க. இப்ப பாத்தா ட்ரிம் முன்னாடி இருந்ததை விட மோசமா, வெள்ளை வெளேர்னு தெரியும், பயப்பட வேண்டாம், அப்படித் தெரிஞ்சாத்தான் சுத்தமாயிருக்கு.

எதைப் போடறது

நாலு வழி இருக்கு, நாலும் நாலு தரம்.

டிரெஸ்ஸிங்னு விக்கற ஸ்ப்ரே, ஜெல் எல்லாம் பெரும்பாலும் சிலிக்கான் எண்ணெய். தடவினதும் பளிச்சுன்னு இருக்கும், சில வாரம் தாங்கும், மழையில வழிஞ்சு பெயின்ட் மேல கோடு விழும், தூசியைப் பிடிக்கும். ஓரளவு நல்லா இருக்கற ட்ரிம்முக்கு மாசம் ஒரு தடவை போட மனசிருந்தா பரவாயில்ல, வெளுத்துப் போனதுக்கு இது தீர்வு இல்ல. சமையல் எண்ணெய், ஷூ பாலிஷ் இதெல்லாம் அதை விடக் கீழ, பிசுபிசுன்னு ஆகி மண்ணு ஒட்டும், பின்னாடி ஒழுங்கான கோட்டிங் போட நினைச்சா இதை எடுக்கறதே பெரிய வேலை. ஆளி விதை எண்ணெய் தடவச் சொல்றவங்களும் உண்டு, அது காஞ்சு இறுகும்ங்கறது உண்மைதான், ஆனா அந்த எண்ணெய் நனைஞ்ச துணியை சுருட்டிப் போட்டா தானா சூடாகி தீப்பிடிக்கற அளவுக்கு போகலாம், அதனால அதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

அடுத்தது கறுப்பு நிறமி கலந்த ரீஸ்டோரர், சொல்யூஷன் ஃபினிஷ் மாதிரி வர்றது. இதுல கறுப்பு நிறமே கலந்திருக்கறதால ரொம்ப வெளுத்த ட்ரிம்லயும் கறுப்பு ஒரே சீரா வரும். ரொம்ப கொஞ்சம் போதும், பேட்ல சில சொட்டு விட்டு நல்லா உள்ள தேய்ச்சு, கொஞ்ச நேரம் விட்டு, மேல நிக்கற மிச்சத்தை சுத்தமா துடைச்சு எடுத்துடணும். இந்த துடைக்கறதுதான் முக்கியம், மேல தேங்கினது எல்லாம் பின்னாடி மழையில கறுப்பா வழியும். துணி, கை, தரை எதுல பட்டாலும் கறை போகாது, பெயின்ட்ல பட்டா உடனே துடைக்கணும்.

மூணாவது செராமிக் டைப் ட்ரிம் கோட்டிங். செராகோட் ட்ரிம் கோட், கார்ப்ரோ டிலக்ஸ், ஜிடெக்னிக் சி4 இதெல்லாம் இந்த வகை. நிறமி இருக்காது, தண்ணி மாதிரி தெளிவா இருக்கும், வெடிப்புக்குள்ள இறங்கி காத்துல இருக்கற ஈரத்தோட சேர்ந்து இறுகி கெட்டியான படலமா ஆயிடும். எண்ணெய் கழுவினா போகும், இது இறுகினதுக்கு அப்புறம் கழுவினா போகாது, வித்தியாசம் அவ்ளோதான், ஆனா அதுதான் எல்லாமே. தண்ணி டெஸ்ட்ல முழு கறுப்பா தெரிஞ்ச ட்ரிம்முக்கு நான் யோசிக்காம இதைத்தான் சொல்லுவேன், ஒரு வருஷத்துக்கு மேல நிக்கும், நிழல்ல நிக்கற வண்டின்னா இன்னும் அதிகம். ஈரத்துலயும் கொஞ்சம் வெளிறி தெரிஞ்சா நிறமி வகைதான் நல்லது.

நாலாவது பெயின்ட், அதை கீழ தனியா சொல்றேன்.

செராமிக் கோட்டிங் போடற விதம்

முதல்ல ட்ரிம் ஓரமா இருக்கற பெயின்ட் மேல, கண்ணாடி மேல எல்லாம் மாஸ்க்கிங் டேப் ஒட்டிடுங்க, சோம்பேறித்தனம் பாக்காதீங்க, பெயின்ட்ல பட்டு இறுகிட்டா பாலிஷ் போட்டுத்தான் எடுக்க முடியும். 15ல இருந்து 25 டிகிரி வரைக்கும் இருக்கற நேரம் ரொம்ப வசதி, வெயில் ஏறினா பூசறதுக்குள்ள காஞ்சு திட்டு விழும், காத்துல ஈரம் ஜாஸ்தியா இருந்தா இன்னும் சீக்கிரமே இறுக ஆரம்பிக்கும், அப்ப இன்னும் சின்ன இடமா எடுத்துக்கணும். அடுத்த ஒரு நாள் மழை வராதுன்னு பாத்துக்கோங்க, மேல கூரை இருந்தா நிம்மதி.

கோட்டிங்கோட வர்ற ஃபோம் பிளாக்ல துணியைச் சுத்தி சில சொட்டு விடுங்க. ஒரு அடி நீளம் மட்டும் எடுத்து முதல்ல நீளவாக்குல, அப்புறம் குறுக்குவாக்குல தேய்ங்க, குழிக்குள்ள போக வேண்டிய இடத்துக்கு மெல்லிசான மேக்கப் பிரஷ் இல்லன்னா மென்மையான டூத் பிரஷ் உபயோகிங்க. ஒரு நிமிஷம் போல விட்டுட்டு வேற சுத்தமான மைக்ரோஃபைபரால அழுத்தாம லேசா ஒத்தி சமப்படுத்தணும், எங்கயும் ஈரமா தேங்கி நிக்கக் கூடாது. எவ்ளோ நேரம் விடணும்ங்கறது ஒவ்வொரு கம்பெனிக்கும் மாறும், பாட்டில் மேல போட்டிருக்கறதைத்தான் பின்பத்தணும். சாய்ஞ்சு நின்னு பக்கவாட்டுல டார்ச் அடிச்சுப் பாத்தா எங்க ஜாஸ்தியா தேங்கியிருக்கு, எங்க விட்டுப் போச்சுன்னு தெளிவா தெரியும். திட்டு தெரிஞ்சா உடனே அந்த இடத்துல இன்னொரு சொட்டு போட்டு தேய்ச்சா பழசும் இளகி சேர்ந்து சமமாயிடும், ஆனா இது சில நிமிஷத்துக்குள்ள பண்ணணும், இறுகிட்டா இளகாது.

ஒரு பாகத்தைப் பாதியில நிறுத்தாதீங்க, கதவு மோல்டிங்னா அந்த கதவோட மோல்டிங் முழுசா முடிச்சுட்டுத்தான் ஃபோன் எடுக்கணும், இல்லன்னா நடுவுல ஒரு கோடு நிக்கும். வைப்பர் கவுல் மாதிரி வானத்தைப் பாத்து படுத்திருக்கற பாகங்கள்தான் வெயிலை நேரா வாங்குது, ஜாஸ்தி கெடுறதும் அதான், அதுக்கு மட்டுமாவது ஒரு மணி நேரம் கழிச்சு ரெண்டாவது கோட் போடுங்க. ரொம்ப காஞ்சு போன பிளாஸ்டிக் முதல் கோட்டை அப்படியே குடிச்சுடும், பாத்தா போட்டதே தெரியாது, அங்கயும் ரெண்டாவது கட்டாயம். ஒரு சாதா காருக்கு 15ல இருந்து 30 மில்லி தாராளமா போதும். முடிச்சதும் டேப்பை கோட்டிங் முழுசா இறுகறதுக்கு முன்னாடியே மெதுவா உரிச்சுடுங்க. துணியெல்லாம் கல்லாட்டம் இறுகிடும், துவைச்சு வேற எதுக்கும் எடுக்காதீங்க, பெயின்ட்ல கீறல் விழும், தூக்கிப் போட்டுடுங்க. அடுத்த 24 மணி நேரம் தண்ணி படக் கூடாது, ஒரு வாரத்துக்கு ஷாம்பூ போட்டு கழுவ வேண்டாம்.

பார்க்கிங் சென்சார் இருந்தா அதோட வட்ட முகத்து மேல எதுவும் தடிமனா பூசாம டேப் ஒட்டி விட்டுடுங்க.

ஹீட் கன் பத்தி

ஹீட் கன்னை காட்டினதும் சாம்பல் ட்ரிம் கண்ணு முன்னாடியே கறுக்கற வீடியோ எல்லாரும் பாத்திருப்பீங்க. உள்ள இருக்கற எண்ணெய் வெளிய வருதுன்னு சொல்லுவாங்க, நடக்கறது என்னன்னா மேல்தோல் ஒரு கணம் இளகி அந்த பொடி வெடிப்பெல்லாம் மூடிக்குது, அதான் வெளிச்சம் சிதறாம கறுப்பா தெரியுது. வேலை செய்யுதான்னா செய்யும். ஆனா பாலிப்ரொப்பிலீன் உருகறது 160 டிகிரி சுமாருக்கு, ஏபிஎஸ் 105 டிகிரி பக்கத்துலயே இளக ஆரம்பிச்சுடும், ஹீட் கன்ல இருந்து வர்ற காத்து 500 டிகிரியைத் தாண்டும். கை ஒரு வினாடி நின்னாலும் சொரசொரப்பு வழுக்கையாயிடும், இல்ல பாகமே நெளிஞ்சுடும், அதை திருப்பி சரி பண்ணவே முடியாது. செலவாகிப் போன ஸ்டெபிலைசரும் இதால திரும்ப வராது, அதனால சில மாசத்துல மறுபடி வெளுக்கும், ஒவ்வொரு தடவையும் மேல்தோல் இன்னும் மோசமாகும்.

பண்ணியே ஆகணும்னா அந்த பாகத்தை வண்டியில இருந்து கழட்டி, நல்லா சுத்தம் பண்ணி காய வச்சு, கண்ணுக்குப் படாத மூலையில சோதிச்சுட்டு, ஒரு சாண் தள்ளிப் பிடிச்சு நிறுத்தாம வீசிக்கிட்டே போங்க, கறுத்ததும் உடனே நகரணும். வண்டியிலயே வச்சு பண்ணா பக்கத்துல பெயின்ட் கொப்புளிக்கும், கண்ணாடி சூட்டுல விரிசல் விடும், பின்னாடி ஓடற வயரும் சென்சாரும் வெந்துடும். ரப்பர் மேல கூடவே கூடாது. ஆல்கஹால், டிரெஸ்ஸிங் ஈரம் இருக்கும்போதும் கூடாது, தீப்பிடிக்கும். முடிச்சு ஆறினதும் மேல செராமிக் கோட்டிங் போட்டாத்தான் பண்ணதுக்கு அர்த்தம். என்னைக் கேட்டா கழட்ட முடிஞ்ச, மாத்த புது பாகம் கிடைக்காத, கோட்டிங்குக்கும் அசையாத பாகத்துக்கு மட்டும் இதை யோசிக்கலாம்.

பெயின்ட் அடிக்கறதா இருந்தா

மாவு மாதிரி உதிர்ற, கீறல் விழுந்த ட்ரிம்முக்கு பெயின்ட்தான் நியாயமான வழி. ஒண்ணு நல்லா ஞாபகம் வச்சுக்கோங்க, ஒரு தடவை பெயின்ட் அடிச்சா இனி அது பெயின்ட் அடிச்ச பாகம்தான், மேல சொன்ன கோட்டிங் ரீஸ்டோரர் எதுக்கும் திரும்பிப் போக முடியாது, கல்லு பட்டு சில்லு போனா மறுபடி அடிக்கணும். முன்னாடி சிலிக்கான் டிரெஸ்ஸிங் போட்ட ட்ரிம்மா இருந்தா ஒரு துளி மிச்சம் இருந்தாலும் பெயின்ட் விலகி மீன் கண்ணு மாதிரி வட்ட வட்டமா குழி விழும், அதனால வாக்ஸ் அண்ட் கிரீஸ் ரிமூவர் வாங்கி ரெண்டு தடவை துடைக்கணும்.

முடிஞ்சா பாகத்தைக் கழட்டிடுங்க. ஸ்காட்ச் பிரைட் சாம்பல் கலர் பேட் போட்டு மேல்தோல்ல ஒட்டற மாதிரி லேசா சொரசொரப்பாக்கி, தூசியைத் துடைச்சுட்டு அடீஷன் ப்ரமோட்டர், அதாவது பெயின்ட் ஒட்ட உதவற அடிப்பூச்சு, ஒரு மெல்லிசு கோட் அடிங்க. பாலிப்ரொப்பிலீனுக்கு இது இல்லாம எவ்ளோ நல்ல பெயின்ட் அடிச்சாலும் பம்பர் லேசா வளைஞ்சதும் தகடு தகடா உரியும். ப்ரமோட்டருக்கும் பெயின்ட்டுக்கும் நடுவுல எத்தனை நிமிஷம் விடணும்னு டப்பாவுலயே இருக்கும், அந்த நேரம் தாண்டக் கூடாது. அப்புறம் ட்ரிம் பெயின்ட்டுன்னே தனியா வர்ற சாட்டின் பிளாக் (லேசா மட்டும் மினுங்கற கறுப்பு), வளைஞ்சு குடுக்கற வகையா பாத்து, 20ல இருந்து 25 செமீ தள்ளி நின்னு மெல்லிசா மூணு நாலு கோட், நடுவுல பத்து பதினஞ்சு நிமிஷம் விட்டு. பளபளன்னு மின்னுற க்ளாஸ் பிளாக் அடிக்காதீங்க, ட்ரிம்முக்கு அந்த பளபளப்பு பொருந்தவே பொருந்தாது, ஒட்டுப் போட்ட மாதிரி தனியா தெரியும். தடிமனா அடிச்சா சொரசொரப்பு நிரம்பி மழமழன்னு ஆயிடும். காத்தோட்டமான இடத்துல, கரிம ஆவியைத் தடுக்கற மாஸ்க் போட்டுக்கிட்டு அடிங்க, தூசி மாஸ்க் போதாது.

ரப்பரும் உலோகமும்

ஜன்னல் ஓர ரப்பருக்கு நிறமி ரீஸ்டோரர் வேண்டாம், ஏத்தி இறக்கற கண்ணாடி மேல கறுப்பு கோடு விழும். பெட்ரோலியம் கலந்த ஐட்டமும் வேண்டாம், ஈபிடிஎம் ரப்பர் அதுல ஊதிப் போய் தளர்ந்துடும். லேசான ஷாம்பூ தண்ணியில கழுவி, காய வச்சு, தண்ணி பேஸ்ல வர்ற ரப்பர் டிரெஸ்ஸிங்கை துணியில எடுத்து தடவி மிச்சத்தைத் துடைச்சுடுங்க. கதவு சீல் ரப்பருக்கு சிலிக்கான் கிரீஸ் மெல்லிசா பூசினா வெடிக்காம, ஒட்டாம இருக்கும்.

கறுப்பு அனடைஸ் பண்ண (பெயின்ட் இல்லாம உலோகத்தோட மேல்பரப்புலயே நிறம் ஏத்தின) அலுமினியம் ட்ரிம் இருந்தா கெட்டியான கிளீனரோ வினிகரோ பக்கத்துல கொண்டு போகாதீங்க, வெள்ளையா கறை பிடிச்சா திரும்ப வராது, ஷாம்பூ மட்டும்தான். பெயின்ட் அடிச்ச இரும்பு ட்ரிம்ல துரு குமிழ் விட்டிருந்தா அதை உப்புத்தாள் போட்டு வெறும் உலோகம் தெரியற வரைக்கும் எடுத்து, துரு தடுக்கற ப்ரைமர் அடிச்சு, மேல சாட்டின் பிளாக்.

அதுக்கப்புறம்

பிஎச் சமமா இருக்கற, அதாவது அமிலமாவும் இல்லாம காரமாவும் இல்லாத ஷாம்பூ போதும், கெட்டி கிளீனர் இனி ட்ரிம் பக்கம் வரக் கூடாது. பெயின்ட்டுக்கு வாக்ஸ், பாலிஷ் போடும்போதெல்லாம் ட்ரிம் ஓரத்துல டேப் ஒட்டற பழக்கத்தை வச்சுக்கோங்க, இத்தனை வேலையும் ஒரு வெள்ளைக் கறையில பாழாகும். ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவை சிலிக்கா கலந்த ஸ்ப்ரே சீலன்ட் ஒண்ணு கழுவினதும் அடிச்சு துடைச்சா கீழ இருக்கற கோட்டிங் நல்லா தாக்குப் பிடிக்கும். வண்டி எப்பவும் ஒரே இடத்துல நிக்கும்னா எந்தப் பக்கம் வெயில் படுதோ அந்தப் பக்க ட்ரிம்தான் முதல்ல போகும், அப்பப்ப திருப்பி நிறுத்துங்க, இல்ல கவர் போடுங்க.

எப்ப மறுபடி போடணும்னு கேலண்டர் பாக்க வேண்டாம், கழுவும்போது வைப்பர் கவுலைப் பாருங்க. அங்க தண்ணி முத்தா உருளாம தட்டையா பரவ ஆரம்பிச்சா கோட்டிங் தேயுதுன்னு அர்த்தம், சாம்பல் பூக்கற வரைக்கும் காத்திருக்காம அப்பவே ஒரு தடவை கிளீனர், ஆல்கஹால் துடைப்பு, ஒரே ஒரு கோட் போட்டுடுங்க. முதல் தடவை அளவுக்கு வேலை இருக்காது, பழைய அழுக்கெல்லாம் ஏற்கனவே போயாச்சு, மத்த பாகங்களை அடுத்த தடவை கழுவும்போது ஒவ்வொண்ணா பாத்து தேவைப்பட்டதுக்கு மட்டும் போட்டா போதும்.